தேனி மாவட்டம் கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். கோழியைத் துரத்துகிறது, கட்டினால் ஊளையிடுகிறது, எவ்வளவு போட்டாலும் விலா தெரிகிறது. என்ன செய்யலாம்?

எட்டு மாத ஆண் நாய், தோட்டத்திலேயே வீடு, பகலில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

விலா தெரிவதைப் பற்றி முதலில் கவலையை விடுங்கள். சிப்பிப்பாறையும் கன்னி நாயும் கண்ணால் இரையைப் பார்த்து ஓடிப் பிடிக்கும் இனங்கள். கடைசி மூன்று விலா எலும்பும் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் லேசாகத் தெரிந்தால் அது சரியான உடம்பு. கண்ணால் பார்ப்பதை விடக் கையால் தடவிப் பாருங்கள். தொடையும் இடுப்புக்கு மேலுள்ள சதையும் கெட்டியாக இருக்க வேண்டும். அங்கே குழி விழுந்து முதுகெலும்பு கையில் குத்தினால்தான் பிரச்சினை. அப்போது சோற்றைக் கூட்டுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்யுங்கள், பெரும்பாலும் குடற்புழுதான் காரணமாக இருக்கும். ஊரார் பேச்சுக்காக இந்த நாயைக் கொழுக்க வைத்தால் கெடுவது அதன் மூட்டுதான்.

இனித் துரத்தல். அதை அடித்தோ கட்டியோ நிறுத்த முடியாது. தலைமுறை தலைமுறையாக அதற்காகவே பொறுக்கி வளர்த்த நாய் இது. எதை, எங்கே, எப்போது துரத்தலாம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யலாம். அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் நாய் எடுத்துக்கொள்ளும். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய் இரவு அவிழ்த்ததும் செய்வது அதைத்தான். உங்கள் பகுதியில் இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தோட்டத்தைத் தாண்டினால் மேகமலை, குமுளி பக்கத்துக் காடு. இரவில் சுற்றும் நாய் காட்டுப்பன்றியிடம் குத்து வாங்கும், அல்லது சிறுத்தைக்கு இரையாகும். முயலைப் பிடித்து வந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மேல் வழக்கு வரலாம். அதனால் முறையை அப்படியே மாற்றுங்கள்: இரவில் வலையடித்த திண்ணையிலோ அறையிலோ படுக்கட்டும், பகலில் ஐந்தாறு அடி உயர வேலிக்குள் அவிழ்ந்து கிடக்கட்டும். ஓட்டம் தீர்ந்துவிட்டால் இந்த இனம் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். ஊளையும் குறையும்.

ஓட்டத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தடி மூங்கில் கழியோ பிவிசி பைப்போ எடுத்து, நுனியில் எட்டடி நைலான் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் ஒரு முழம் சாக்குத் துணியை முடிச்சுப் போடுங்கள். துணி தரையிலேயே இழுபட வேண்டும். மேலே தூக்கினால் நாய் எம்பித் திரும்பும்போது முழங்கால் தசைநார் கிழியலாம். பெரிய வட்டமாக இழுங்கள், ஒரே பக்கமாகச் சுற்றாமல் திசையை மாற்றுங்கள். மூன்று நிமிடம் ஓடினால் ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். காலையும் மாலையும் இவ்வளவு போதும். கடைசியில் கட்டாயம் துணியைப் பிடிக்க விடுங்கள். பிடிக்கவே முடியாத ஆட்டம் நாயை இன்னும் வெறியாக்கும். துணியை வாங்கிக்கொள்ளும்போது ஒரு துண்டு வேகவைத்த ஈரலைக் கொடுங்கள், 'விடு' என்ற சொல்லையும் அங்கேயே கற்றுக்கொள்ளும். இதோடு தினமும் முக்கால் மணி நேரம் வாரில் பிடித்து வாய்க்கால் கரையில் நடை. பைக்கில் கட்டி ஓட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பதினைந்து மாதம் வரை கால் எலும்பின் வளரும் முனைகள் இறுகியிருக்காது.

ஓடும் இடத்தை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். பந்தல் ஓரத்துக் கல்தூண்களிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டிய கம்பிதான் இந்த நாய்க்குப் பெரிய எதிரி. முழு வேகத்தில் வரும்போது மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குத் தெரியாது, தோலும் மெல்லியது, ஒரே இழுப்பில் மார்பு கிழிந்துவிடும். அந்தக் கம்பிகளில் வெள்ளைச் சாக்கைச் சுற்றுங்கள், அல்லது பந்தல் பக்கம் ஓட்டவே வேண்டாம். உழுத நிலமோ புல்தரையோ நல்லது. தோல் கிழிந்தால் மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, அன்றைக்கே தையல் போடக் கூட்டிப் போங்கள்.

கோழி விஷயத்தில் வலைதான் முதல் வைத்தியம். பழக்குவதானால் கோழிகள் வலைக்குள் இருக்கட்டும், நீங்கள் நாயை வாரில் பிடித்து முப்பதடி தள்ளி நில்லுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த நொடியில் ஈரல் துண்டு. நாள்போக்கில் தூரத்தைக் குறையுங்கள். நாயின் வாய் மூடி, காது நிமிர்ந்து, உடம்பு விறைத்து, ஒரு முன்னங்கால் மேலே எழுந்துவிட்டால் அதற்குப் பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஒரு விசில் வாங்கி, ஒவ்வொரு வேளைச் சோறு வைக்கும்போதும் ஊதுங்கள், ஒரு மாதம் இப்படியே. பிறகு தோட்டத்தில் ஊதி, வந்ததும் ஈரல். திட்டுவதற்காக ஒருபோதும் அந்த விசிலை ஊதக் கூடாது. இவ்வளவும் பழகிய பிறகும் வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். எதிரே முயல் ஓடினால் அந்த விசில் அதன் காதில் ஏறாது.

கழுத்துப்பட்டையையும் மாற்றுங்கள். இந்த நாய்களுக்குத் தலையை விடக் கழுத்து பருமன், சாதாரணப் பட்டை பின்வாங்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் மட்டும் சற்று இறுகும் வகையில், இரண்டு அங்குல அகலத்தில் வாங்குங்கள். நீளக் கயிறு கட்டினால் கழுத்தில் கட்டாமல் மார்பு வாரில் கட்டுங்கள், ஓட்டத்தில் கயிறு தீரும் இடத்தில் கழுத்தெலும்பு அடி வாங்கும்.

சாப்பாட்டில், முழு வளர்ச்சியடைந்த 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 முதல் 1200 கலோரி வேண்டும். எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறி கால் கிலோ, மூன்று கப் சோறு, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வெந்த பூசணியோ கேரட்டோ, அரை டீஸ்பூன் முட்டையோட்டுப் பொடி என்று வைத்தால் கணக்கு வரும். கறியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்த குட்டிகளுக்கு முன்னங்கால் வளைவது கால்சியம் இல்லாததால்தான். உங்கள் நாய் இன்னும் வளர்வதால் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கூடினாலும் எலும்பு கெடும். இரண்டு வேளையாகப் பிரித்து, ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் ஓட்டம் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அது சில மணி நேரத்தில் உயிர் போகிற விஷயம்.

திராட்சைத் தோட்டக்காரரான உங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: திராட்சை நாய்க்கு விஷம். பன்னீர் திராட்சையானாலும் உலர்ந்ததானாலும் சிறுநீரகம் செயலிழக்கலாம், இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று அளவு கிடையாது. டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் இருப்பதால் புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். அறுவடைக் காலத்தில் பந்தலுக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை நாய் தின்றால், வாந்திக்காகக் காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோய் வயிற்றைக் காலி செய்யுங்கள். மருந்தடித்த பந்தலுக்குள்ளும் விடாதீர்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை காலில் ஒட்டினால் நாய் நக்கும்.

வெயிலில் ஓடவே கூடாது. ஓட்டத்துக்குப் பிறகு தடுமாறி, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்தால் வெப்பநோய். உடனே நிழலில் கிடத்தி, பம்புசெட் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஆசனவாய் வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியதும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

மழைக்காலத்தில் உண்ணி பெருகும். காதுமடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தினமும் பாருங்கள். சாப்பிடாமல் படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த கூட்டு ஊசியையும் தவறாமல் போடுங்கள். காட்டோரத்தில் டிஸ்டெம்பர் வந்த நாய் அதைச் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் கொடுத்துவிடும்.

எப்போதாவது மயக்கமருந்து கொடுக்க வேண்டி வந்தால், இது வேட்டை ஓட்ட இனம், உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தயோபென்டோன் போன்ற மருந்துகள் இந்த வகை உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், அதற்கேற்ப வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.