தானா ராத்தா (மலேசியா) கடை மெனு: ஸ்பானிஷில் எங்கே தப்பு?

வணக்கம் அண்ணே. "ஹாட் கறி"யை ஸ்பானிஷில் மாற்றிப் போட்டும், வரும் பயணிகள் காரம் தாங்காமல் தட்டைத் தள்ளி வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டிருக்கும் 'காலியென்தே' சூட்டை மட்டும்தான் சொல்லும். காரத்துக்கு 'பிகான்தே'. காரம் இல்லாததற்கு 'சின் பிகான்தே'.

இலவசத் தண்ணீருக்கு 'லிப்ரே' வேண்டாம், அது சுதந்திரம், காலி இடம் என்று போகும். 'கிராத்திஸ்' போடுங்கள்.

பெரிய வில்லங்கம் தேநீரில்தான். 'தே' என்று எழுதும்போது ஈ (e) எழுத்தின் தலையில் வலப்பக்கம் உயரும் சாய்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் 'உன்னை', 'உனக்கு' என்று ஆகிவிடும். கைப்பேசியில் ஈ விசையை அழுத்திப் பிடித்தால் வரும். பெரிய எழுத்திலும் கோடு உண்டு. பேனர் அடிப்பவர்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள், அச்சுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

தே தாரிக் (மலேசிய ஆற்றிய பால் தேநீர்) பெயரை அப்படியே விடுங்கள். கீழே சிறிய எழுத்தில் 'தே கோன் லெச்சே கொந்தென்சாதா' என்றால் கெட்டிப்பால் தேநீர் என்று புரிந்துகொள்வார்கள்.

திங்கள் விடுமுறைக்கு 'செர்ராதோ லோஸ் லூனெஸ்'. ஆங்கிலத்து 'ஆன்' என்பதற்கு ஈடாக நடுவில் எதையும் செருகாதீர்கள்.