பாம்பு எதுவென்று தெரியாவிட்டால் விஷமுறிவு ஊசி போட முடியாதா?

முடியும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று இங்கே அதிகம் உயிரெடுக்கும் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், "பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போனாத்தான் ஊசி போடுவாங்க" என்று வீட்டில் யாரோ பெரியவர் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதனால்தான் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். குறுவை அறுப்பு நேரம், பொழுது சாய்ந்த பிறகு வரப்பில் வந்துகொண்டிருந்த அப்பாவைக் கணுக்காலில் கடித்துவிட்டது. பாம்பு வைக்கோலுக்குள் போய்விட்டது. பெரியப்பா டார்ச்சும் தடியும் கொடுத்துப் பையன்களைத் தேட அனுப்பினார். இன்னொருவர் துண்டால் காலை இறுக்கிக் கட்ட வந்தார். என் தம்பி யார் பேச்சையும் கேட்கவில்லை. கட்டவும் விடவில்லை, அப்பாவை நடக்கவும் விடவில்லை. தூக்கி காரில் போட்டுக்கொண்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். "பெரியவங்க சொல்லக் கேக்கல" என்று பெரியப்பா இன்றுவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் செய்ததுதான் சரி, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

டாக்டர் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. வீக்கத்தைப் பார்த்தார், ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார், கண்ணைத் திறந்து மூடச் சொன்னார். கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். சாய்த்தபோது ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையாது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி, இமையைச் சொருக வைத்து, மூச்சை நிறுத்தும். மருந்து வேண்டும் என்று முடிவெடுக்க அந்தக் குழாயே போதுமானதாக இருந்தது. உடனே 10 குப்பி மருந்தைக் கலந்து சொட்டு சொட்டாக ஏற்றினார்கள்.

நடுவில் உடம்பெல்லாம் தடித்து அப்பா நடுங்க ஆரம்பித்தார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு இப்படி ஆகும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது. மருந்தை நிறுத்தி அதைப் போட்டு, அடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள். 6 மணி நேரம் கழித்து மீண்டும் அதே குழாய்ச் சோதனை. வீட்டில் வைத்து யாரும் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை இது.

   

நான் டாக்டர் இல்லை. "மலைப்பக்கத்துக் குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்காது, பாம்பு தெரிந்தால் நல்லதுதானே" என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்காது என்பது உண்மை. தூரத்திலிருந்து செல்போனில் படம் கிடைத்தால் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள், தடியோடு கிட்டே போய் இன்னொருவர் கடி வாங்காதீர்கள். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்பைப் பிடிப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கட்டுவிரியனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில், தூக்கத்தில் கடிக்கும். பல நேரம் வலியும் இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்கிறார், இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை யாருமே பார்க்காவிட்டாலும், "ராத்திரி தரையில படுத்திருந்தார்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.