வயலுக்கு முதலில் யார் திரும்புவார்கள்?

கேள்வி: மூன்று வருஷமாக எங்கள் நிலத்தில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை, ஓரத்தில் கொஞ்சம் இடத்தை உழாமலும் விட்டிருக்கிறோம். தும்பி, பட்டாம்பூச்சி வந்துவிட்டன. மண்புழு அதிகம் இல்லை, ஆந்தையைக் காணவே காணோம். எங்கே தவறு?

பதில்: தவறே இல்லை, எல்லாம் ஒரே வேகத்தில் வராது, அவ்வளவுதான். இறக்கை உள்ளது முதலில் வரும். இறக்கை இல்லாத சிலந்தியும் குஞ்சாக இருக்கும்போதே நூலை விட்டுக் காற்றில் மிதந்து வந்து இறங்கிவிடும். மண்புழு அப்படியில்லை, புது நிலத்துக்குள் அது பரவுவது வருஷத்துக்கு 5 முதல் 10 மீட்டர்தான். நல்ல மண் 100 மீட்டர் தள்ளி இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உழவைக் குறைத்து, மண்ணை வைக்கோலாலோ சருகாலோ மூடி மூடாக்குப் போட்டால் இருக்கிற புழுவாவது பெருகும்.

தும்பி பறந்து வருவது வேறு, அங்கேயே வளர்வது வேறு. பக்கத்தில் குட்டை இருந்தால் காலையில் போய்ப் புல் தண்டுகளை உற்றுப் பாருங்கள். முதுகு பிளந்த பழுப்புத் தோல் ஒன்று, ஆறு காலாலும் தண்டைப் பற்றியபடி, பிளவில் வெள்ளை இழைகள் தொங்க, காலியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது கிடைத்தால் அந்தத் தும்பி விருந்தாளி இல்லை, உங்கள் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை!

ஆந்தை வகையான கூகைக்கோ பொந்து வேண்டும், மரத்தில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை உயரத்தில் ஒரு மரப்பெட்டி வையுங்கள், அதில் கூடு வைக்கும். எலிமருந்து மட்டும் வேண்டாம், மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் உழவு நின்ற பழைய வயல்களை ஆராய்ந்தார்கள். 91 வருஷம் கழித்தும், பக்கத்தில் உழவே படாத நிலத்தில் இருக்கும் செடி வகைகளில் முக்கால் பங்குதான் அங்கே இருந்தது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கலப்பை படாத துண்டு ஏதாவது உங்களிடம் மிச்சமிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: சும்மா விட்டால் களைக்காடுதானே ஆகும்?

பதில்: முதலில் ஆகும், அப்புறம் மாறும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1882இல் கோதுமை வயலின் ஒரு மூலையை அறுக்காமல் விட்டார்கள், இன்று அது மரக்காடு. அதிலேயே ஒரு பகுதியில் மட்டும் மரக்கன்றுகளை வருஷாவருஷம் எடுத்துவிடுகிறார்கள், அங்கே காடு வரவில்லை, சிறு செடிகள்தான். சரி, உங்களுக்கு எது வேண்டும்? பூச்செடி என்றால் விதை உதிர்ந்த பிறகு வருஷம் ஒருமுறை அறுங்கள், அறுத்ததை அங்கேயே போடாமல் வாரி எடுத்துவிடுங்கள்.