சாலைத் தடுப்பில் பறிபோன கைத்தொலைபேசி: கடவுச்சொல்லைக் கேட்கப் போலீசாருக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 29. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது சாலைத் தடுப்புச் சோதனையில் என்னை நிறுத்தினார்கள். மைகார்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகு சட்டைக் கையில் இரண்டு பட்டை இருந்த ஒருவர் என் கைத்தொலைபேசியைத் திறந்து தரச் சொன்னார். பயத்தில் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டேன். புலனத்தையும் (வாட்ஸ்அப்) படங்களையும் பார்த்தார். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) புலனக் குழுவில் ஒருவர் உள்ளூர்ப் போலீஸ் அதிகாரியைக் கடுமையாகக் குறை கூறி எழுதியிருந்ததைத் தம் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டார். அந்தக் குழுவுக்கு நிர்வாகி நான்தான். "விசாரணைக்கு வேண்டும்" என்று சொல்லி என் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டார். சீட்டு எதுவும் தரவில்லை. மூன்று வாரம் ஆகிறது. இப்போது நிலையத்திலிருந்து என் மனைவியின் எண்ணுக்கு அழைத்து என்னை நேரில் வரச் சொல்கிறார்கள். போகலாமா? நான் எழுதாத செய்திக்கு என்மீது வழக்கு வருமா? புகார் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகுமா?

வாசகர், பினாங்கு

பதில்:

சாலையில் உங்களை நிறுத்தியதும், அடையாள அட்டையையும் உரிமத்தையும் கேட்டதும் சட்டத்துக்கு உட்பட்டவை. அதில் நாம் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. சிக்கல் அதற்கடுத்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

இணையத்தில் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. "கைத்தொலைபேசியைத் தொடப் போலீசாருக்கு உரிமையே இல்லை" என்பது ஒன்று. "கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. 2012-இல் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 116பி பிரிவு, கணினியில் அல்லது வேறு கருவியில் உள்ள தரவுகளைப் பார்வையிடும் அதிகாரத்தைப் போலீசாருக்குத் தருகிறது. கடவுச்சொல்லைப் பெறுவதும் அந்த அதிகாரத்தில் அடங்கும் என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அந்த அதிகாரம் சீருடை அணிந்த எல்லாருக்கும் உரியதன்று. அதைப் பயன்படுத்துபவர் இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அவர் அச்சட்டத்தின்கீழ் ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருக்கவும் வேண்டும். இவ்விரண்டு சொற்றொடர்களிலும்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது.

முதலாவது, தரம். சட்டைக் கையில் இரண்டு பட்டை என்பது கார்ப்பரல் என்பதற்கான அடையாளம். இன்ஸ்பெக்டருக்குத் தோளில் நட்சத்திரம் இருக்கும். இரவு நேரத்தில், பதற்றத்தில் இருந்தும் அந்தப் பட்டைகளைக் கவனித்து வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சீருடையில்லாத அதிகாரி என்றால் அவருடைய அதிகார அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். நீல நிற அட்டை இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும், மஞ்சள் நிற அட்டை அதற்குக் கீழ்ப்பட்டவருக்கும் உரியது.

இரண்டாவது, "சோதனை" என்ற நிபந்தனை. கைது செய்யப்பட்டவரிடம் நடத்தும் சோதனை, விசாரணை நடந்துகொண்டிருக்கும் ஒரு குற்றத்துக்குத் தேவையான பொருளைத் தேடி நடத்தும் சோதனை, மாஜிஸ்திரேட்டின் ஆணை பெற்று நடத்தும் சோதனை ஆகியவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் வருபவை. உரிமம் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்ட, கைது செய்யப்படாத, எந்தக் குற்றத்துக்கும் சந்தேகிக்கப்படாத ஒருவரின் புலனத்தை ஏதாவது அகப்படுமா என்று விரலால் தள்ளிக்கொண்டே போவது இவற்றுள் எதிலும் அடங்காது என்பது என் கருத்து. தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998-இன் 249-ஆவது பிரிவையும் சிலர் காட்டுவார்கள். அதுவும் அச்சட்டத்தின் 247 அல்லது 248-ஆவது பிரிவின்கீழ் நடக்கும் சோதனையோடு பிணைந்ததுதான்; சாலையோரத்தில் தனித்து நிற்கக்கூடிய அதிகாரமாக அதை நான் வாசிக்கவில்லை. போதைப்பொருள் குற்றங்கள், சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம்) போன்ற தனிச் சட்டங்களில் அதிகாரங்கள் இதைவிட விரிந்தவை. உங்கள் கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஓர் இன்ஸ்பெக்டர் பொறுப்பில் இருந்தார், கார்ப்பரல் அவருடைய உத்தரவின்படி நடந்துகொண்டார் என்பார்கள். அதைவிட முக்கியமாக, நீங்களே மனமுவந்து திறந்து கொடுத்தீர்கள் என்பார்கள். இரவில், துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னால் கொடுக்கும் "சம்மதம்" எத்தகைய சம்மதம் என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். ஆனால் அன்று அவர் சொன்ன சொற்கள் என்ன, நீங்கள் சொன்ன சொற்கள் என்ன, கேட்டாரா அல்லது கட்டளையிட்டாரா, மறுத்தால் என்ன ஆகும் என்று சொன்னாரா என்பவை தெரியாமல் அந்த வாதம் நிற்காது. ஆகவே இன்றே உட்கார்ந்து, இடம், நேரம், சீருடையில் இருந்த பெயர், ரோந்து வாகனத்தின் எண், அருகில் நின்றவர்கள், பேசிய சொற்கள் என நினைவிருப்பவை அனைத்தையும் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம்.

இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், கருவியைப் பிடித்து இழுக்கவோ உரக்கச் சண்டையிடவோ கூடாது. பொது ஊழியரின் கடமையைத் தடுத்ததாகக் குற்றவியல் சட்டத்தின் 186-ஆவது பிரிவைக் காட்டுவார்கள். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா? எந்தக் குற்றத்துக்காக விசாரிக்கிறீர்கள்? இங்கே இன்ஸ்பெக்டர் யார்?" என்று பணிவாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதன் பிறகும் வற்புறுத்தினால், "எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வாதாடும் இடம் சாலை அன்று.

அந்தரங்கம் என்ற உரிமையே நம் நாட்டில் இல்லையா என்றும் நீங்கள் நினைக்கக்கூடும். இருக்கிறது. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி உறுதியளிக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. உங்கள் மாநிலத்திலேயே, நோயாளியின் உடலைச் சம்மதமின்றிப் படமெடுத்த மருத்துவர்மீது தொடுத்த வழக்கில், அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக இழப்பீடு கோரலாம் என்று பினாங்கு உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் குற்ற வழக்கு என்று வந்துவிட்டால் இந்த உரிமை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 1955-இல் கென்யாவிலிருந்து சென்ற குருமா வழக்கில் அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த விதியைத்தான் நம் நீதிமன்றங்கள் இன்னும் பின்பற்றுகின்றன: சான்று வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால், அது முறைகேடாகப் பெறப்பட்டது என்பதற்காக மட்டும் ஒதுக்கப்படாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2014-இல் ரைலி வழக்கில், கைது செய்யப்பட்டவரின் கைத்தொலைபேசியைக்கூடப் பொதுவாக நீதிமன்ற ஆணையின்றித் திறந்து பார்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஒரு மனிதனின் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, குடும்பப் படங்கள், மனைவியோடு பேசிய பேச்சு அனைத்தும் ஒரே கருவியில் இருக்கும் காலத்தில், அதைத் திறக்க ஓர் இன்ஸ்பெக்டரின் முடிவு மட்டும் போதும் என்று 116பி பிரிவு விட்டுவைத்திருப்பது நாடாளுமன்றம் திருத்த வேண்டிய குறை என்பதே என் எண்ணம். மாஜிஸ்திரேட்டின் ஆணையைக் கட்டாயமாக்கினால் உண்மையான விசாரணை எதுவும் நின்றுபோகாது.

அடுத்து, கருவியை வைத்துக்கொண்டது. சோதனையில் கைப்பற்றப்படும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, கைப்பற்றிய அதிகாரி கையொப்பமிட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு கூறுகிறது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும், பொருளை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்பதும் 413-ஆவது பிரிவில் உள்ளன. சட்டத்தின்படியன்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 13-ஆவது விதியும் இருக்கிறது. மூன்று வாரமாகச் சீட்டு இல்லை, விசாரணை எண் இல்லை என்பது போலீஸ் தரப்பின் மிகப் பலவீனமான பகுதி. விசாரணை அதிகாரியின் பெயர், விசாரணை எண், எந்தப் பிரிவின்கீழ் விசாரணை, கருவி எங்கே இருக்கிறது, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு மாவட்டப் போலீஸ் தலைவருக்கு உங்கள் வழக்கறிஞர் கடிதம் எழுத வேண்டும். விடை வராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் எழுதாத செய்தியைப் பற்றி: தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவைத்தான் இத்தகைய விசாரணைகளில் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 2025 பிப்ரவரி 11 முதல் அதன் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாகவும் உயர்ந்துவிட்டது. ஆயினும் அந்தப் பிரிவுக்குச் செய்தியை அனுப்பிய செயலும், ஒருவரைத் தொந்தரவு செய்யும் அல்லது மிரட்டும் எண்ணம் போன்ற தீய நோக்கமும் தேவை. குழுவில் இருந்தது மட்டும் குற்றமாகாது. ஓர் அதிகாரியின் நடத்தையைக் கடுமையாகக் குறை கூறுவது வேறு, அவரை மிரட்டுவது வேறு. நீங்கள் சொல்லும் செய்தி முதல் வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது, முழு வாசகத்தையும் பார்க்காமல் உறுதி கூற முடியாது.

ஆனால் நிர்வாகி என்பதால் உங்களுக்கு ஒரு தனிச் சுமை இருக்கிறது. சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு வெளியீட்டில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ தோன்றுபவரே அதை வெளியிட்டார் என்று, மாறாக நிறுவப்படும் வரை, அனுமானித்துக்கொள்ள இடமளிக்கிறது. சாதாரணமாகக் குற்றத்தை நிறுவ வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே குறிப்பிட்ட ஒரு புள்ளியில் சுமை உங்கள் தோளுக்கு மாறுகிறது. 2012-இல் இது வந்தபோதே வழக்கறிஞர் சமூகம் எதிர்த்தது, நியாயமான எதிர்ப்புதான். உங்கள் வழக்கில் இந்த அனுமானத்தை உடைப்பது கடினமன்று: செய்தி யாருடைய எண்ணிலிருந்து வந்தது என்பது குழுவிலேயே தெரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், எதையும் அழிக்க வேண்டாம். வீட்டுக் கணினியில் புலனம் இணைக்கப்பட்டிருந்தால் அதைத் தொட வேண்டாம். கைத்தொலைபேசியைத் தொலைவிலிருந்து அழிக்கும் வசதியைப் பயன்படுத்தவே வேண்டாம். குழுவைக் கலைக்கவும் வேண்டாம். விசாரணை இருப்பது தெரிந்தும் அழித்தால், சான்றை அழித்த குற்றம் தனியாக வந்து சேரும். உங்களுக்குச் சாதகமான சான்றும் போய்விடும். வங்கியிடம் சொல்லிச் செயலியை முடக்குவதிலும், கடவுச்சொற்களை மாற்றுவதிலும் தவறில்லை. சிம் அட்டையை மாற்றுவதென்றால் முதலில் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நிலையத்துக்குப் போகலாமா? போக வேண்டும், ஆனால் மனைவிக்கு வந்த அழைப்பை நம்பியன்று. சாட்சியாக அழைப்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்கீழ் எழுத்துமூல உத்தரவு தேவை; அதைக் கேட்டு வாங்குங்கள். (போலீஸ் என்று சொல்லி அழைக்கும் மோசடிக் கும்பல்கள் பெருகிவிட்ட இந்நாளில், உத்தரவைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.) 112-ஆவது பிரிவின்கீழ் வாக்குமூலம் எடுக்கும்போது கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்; ஆனால் உங்களைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய பதிலைத் தர மறுக்கலாம். மலாய் மொழியில் எழுதிய வாக்குமூலத்தை முழுதும் வாசித்து, பிழைகளைத் திருத்தச் சொன்ன பிறகே கையொப்பமிடுங்கள். கைது என்று சொல்லிவிட்டால் நிலை மாறுகிறது: காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்று 28ஏ பிரிவின்படி சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாவிட்டால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவியை நாடலாம்.

புகார் விஷயத்தில் உங்கள் தயக்கம் புரிகிறது. எந்த நிலையத்திலும் போலீஸ் புகார் செய்யலாம். சம்பந்தப்பட்ட நிலையத்தைத் தவிர்த்து வேறிடத்தில் செய்து நகல் வாங்குவதே நல்லது. போலீஸ் படையின் நேர்மை, தர இணக்கத் துறைக்கும் அதன் நகலை அனுப்புங்கள். 2023 ஜூலை 1 முதல் செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமும் முறையிடலாம். ஆனால் அது தானே தண்டிக்காது, கண்டறிந்ததைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகளுக்கு உட்பட்ட செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதும் பெரிய ஓட்டை. மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதலாம். இவற்றால் உங்களுக்கு உடனடி வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் தேதியிட்ட புகார் ஒன்று முன்கூட்டியே இருந்தால், பிறகு உங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்போது அது பழிவாங்கல் என்று காட்ட வழியுண்டு. புகாரே இல்லாவிட்டால் அந்த வாதத்துக்குப் பிடிமானம் இராது. உங்கள் நிலையில், வாக்குமூலம் கொடுக்கப் போவதற்கு முன்பே புகாரைச் செய்துவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன்.

கருவியைப் பிடித்து வைத்ததற்கும் அதிகார முறைகேட்டுக்கும் இழப்பீடு கோரிச் சிவில் வழக்குத் தொடர விரும்பினால், பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948-இன்படி, செயல் நடந்த நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் தொடர வேண்டும். குற்ற விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.