ஒரு குட்டியை மட்டும் தாய் ஆடு முட்டித் தள்ளுகிறதா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். எங்கள் தலையீத்து சேலம் கருப்பு ஆடு நேற்று ராத்திரி இரண்டு குட்டி போட்டது. குளிருக்குப் பயந்து முதல் குட்டியை உடனே துடைத்து அடுப்போரம் வைத்தேன். காலையில் விட்டால் அதை மட்டும் முட்டுகிறது. ஆட்டு வியாபாரி, "குணம் கெட்டது, தள்ளிவிடுங்க" என்கிறார். விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள்.

முதலில் சீம்பால். தாயிடம் கறந்து புட்டியில் இப்போதே கொடுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி போக வேண்டும்.

குட்டி பிறப்புவழியை விரித்துக்கொண்டு வரும்போது ஆட்டின் மூளையில் ஆக்சிடோசின் சுரக்கும். அந்தச் சமயத்தில்தான் பனிக்குட நீரின் வாசனை அதற்குப் பிடிக்கும். நக்க நக்க இது என் குட்டி என்று மனசில் பதியும். 1960களில் வெள்ளாடுகளை வைத்தே சோதித்தார்கள். பிறந்ததும் 5 நிமிடம் தாயிடம் இருந்த குட்டியைச் சில மணி நேரம் பிரித்து வைத்துவிட்டு விட்டாலும் சேர்த்துக்கொண்டது. அந்த 5 நிமிடம் கிடைக்காத குட்டியை முட்டியது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

எலி இவ்வளவு கறார் இல்லை. குட்டியே போடாத பெண் எலியிடம் தினமும் எலிக்குஞ்சுகளை விட்டால், முதலில் ஒதுங்கினாலும் ஒரு வாரத்துக்குள் வாயில் கவ்விக் கூட்டில் சேர்த்து மேலே படுத்துக் காக்கும். ஆட்டையும் பழக்கலாம், ஆனால் நீங்கள் பிடித்துப் பழக்க வேண்டும். தாயையும் இரண்டு குட்டிகளையும் சின்ன இடத்தில் அடையுங்கள். ஆடு வாலடியை முகர்ந்துதான் குட்டியை அடையாளம் காணும்; அங்கே தாய்ப்பாலைத் தடவுங்கள். நாளைக்கு ஐந்தாறு தடவை தாயின் தலையைப் பிடித்துக்கொண்டு ஊட்டவிடுங்கள். சில நாளில் படியும்.

ஒன்று மட்டும் பாருங்கள். மடியைத் தொட்டால் சூடாக, கல் மாதிரி இருக்கிறதா? ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறதா? அப்படியென்றால் அது மடிநோய். வலி தாங்காமல் உதைக்கிறது. அதைப் பிடித்துவைத்து ஊட்டுவது கொடுமை. இரண்டு குட்டியையும் உதைத்தால் சந்தேகம் அதிகம். கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்கு அழையுங்கள். தாய்ப்பாசம் வர ஊசி என்று கடையில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வெளியே போடும் ஆக்சிடோசின் மூளைக்கு ஏறுவது அரிது, கருப்பையைத்தான் சுருக்கும்.

இந்த வியாபாரிகளை எனக்கு நன்றாகத் தெரியும். ஈன்ற வீடு தேடி வருவார்கள். குறை சொல்லிக் கறி விலைக்குத் துண்டுக்குள் விரல் பிடிப்பார்கள். அடுத்த சந்தையில் அதே ஆடு "தாயும் ரெட்டைக் குட்டியும்" என்று நல்ல விலைக்கு நிற்கும். அரசு மானியத்தில் ஆடு கொடுக்கிறது, ஆனால் ஈனும் ராத்திரியில் என்ன செய்வது என்று அரைநாள் சொல்லித்தர ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

அடுத்த ஈற்றில் குட்டியின் வாய், மூக்கை மட்டும் துடைத்து, ஈரத்தோடே தாயின் மூக்கடியில் போடுங்கள். குளிருக்குக் கொட்டகையைச் சாக்குக் கட்டி மறையுங்கள்; குட்டியை வீட்டுக்குத் தூக்காதீர்கள்.