உபவேந்தர் தெரிவில் முதலிடம் வந்தவருக்கே பதவியா?

"திருகோணமலை வளாகத்துக்குத் தனி உபவேந்தர் உண்டா? போட்டியில் முதலாவதாக வந்தவர்தானே நியமிக்கப்படுவார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனி உபவேந்தர் (பல்கலைக்கழகத்தின் நிர்வாகத் தலைவர்) இல்லை. திருகோணமலையின் கோணேசபுரியில் இருப்பது இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம். அதற்கு முதல்வர் இருக்கிறார். உபவேந்தர் இருப்பது பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான மட்டக்களப்பு வந்தாறுமூலையில்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். பீடங்களின் தலைவர்களான பீடாதிபதிகளோடு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமித்த வெளி உறுப்பினர்களும் பேரவையில் அமர்ந்திருப்பார்கள். விண்ணப்பித்தவர் அவர்கள்முன் தம் திட்டத்தை விளக்க வேண்டும்; சித்த மருத்துவ மாணவருக்கும் வணிகக் கற்கை மாணவருக்கும் என்ன செய்வீர் என்று யாராவது கேட்டால், அழகான படங்கள் மட்டும் கைகொடுக்கா. மூன்று பெயர்களும் ஆணைக்குழு வழியாக ஜனாதிபதியிடம் போகும். அவர் மூவரில் எவரையும் நியமிக்கலாம். ஆகவே முதலிடம் உத்தரவாதம் அல்ல. ஆசிரியர் ஓய்வறையில் முன்கூட்டியே வாழ்த்துச் சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பதவிக்காலம் 3 ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இருக்க முடியாது. பீடாதிபதி விடயம் வேறு: அவரைப் பீடச் சபையே தெரிவுசெய்யும்.