"மின்னல் காப்பு" பிரீஆம்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வைத்திருக்கிறேன். மொட்டைமாடிக் கம்பத்தில் 2 மீட்டர் அலைவரிசைக்கான யாகி ஆன்டெனா, அதை ஒட்டியே பிரீஆம்ப் (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்தைக் கேட்பதற்கு மட்டும். போன ஐப்பசியில் இரண்டு வீடு தள்ளித் தென்னையில் இடி விழுந்தது. பிரீஆம்ப் போய்விட்டது. ரேடியோ பக்கத்தில் மாட்டியிருந்த கேஸ் டியூப் அரெஸ்டர் (வோல்ட் எகிறினால் எர்த்துக்குத் திருப்பிவிடும் வாயுக் குழாய்) உதவவில்லை. இப்போது கடைக்காரர், உள்ளேயே 90 வோல்ட் டியூப் வைத்த மாடல் என்றால் மின்னலுக்குக் கவலையே இல்லை என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த டியூபுக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் அரெஸ்டர் காக்கக்கூடியது அதற்குப் பின்னால் இருக்கும் ரேடியோவைத்தான். பிரீஆம்ப் இருந்ததோ அதற்கு முன்னால், ஆன்டெனா பக்கம்.

டியூப் உள்ளேயே இருந்தாலும் 90 வோல்ட் ஏறிய பிறகுதான் அது விழிக்கும். மின்னல் துடிப்பு ஏறுகிற வேகத்தில் அதற்குள் சில நூறு வோல்ட்கூடத் தாண்டிவிடும். உள்ளே நுழைந்ததும் இருக்கிற காலியம் ஆர்செனைடு டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட்டே எமன்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஆன்டெனா கனெக்டரைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் நிலைமின்சாரம் வடிய ஏற்கெனவே வழி இருக்கிறது. காட்டாவிட்டால் ஒரு 'டி' கனெக்டரும் சாண் கணக்கில் கேபிளும் போதும். ஆர்ஜி-58 கேபிளில் கால் அலைநீளம், இந்த அலைவரிசைக்கு, சுமார் 34 சென்டிமீட்டர். அதன் ஒரு முனையில் நடுக்கம்பியையும் வெளிவலையையும் சேர்த்துப் பற்றவைத்து, மறுமுனையை டி-யில் மாட்டுங்கள். 145-இல் அது இருப்பதே தெரியாது; கீழ் அலைவரிசைகளில் குவிந்திருக்கும் மின்னல் ஆற்றலுக்கோ அது ஷார்ட். டி-யின் உள்நீளமும் கணக்கில் சேரும் என்பதால் கொஞ்சம் நீளமாக வெட்டி, நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள் அளக்கும் சிறு கருவி) கையில் இருந்தால் பார்த்துக் குறையுங்கள். ஒன்று முக்கியம்: இது பிரீஆம்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில்தான் வரவேண்டும். கேபிள் வழியாகவே பிரீஆம்புக்கு மின்சாரம் அனுப்புகிறீர்கள் என்றால், கீழ்ப்பக்கம் மாட்டினால் அந்த மின்சாரமே ஷார்ட் ஆகிவிடும். கீழே போடும் அரெஸ்டரும் அந்த மின்சாரத்தை (டிசி) கடத்தும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள மாடலுக்குக் கொடுங்கள். சுவிட்சை அணைத்ததும் ஆம்ப்ளிஃபையரை அது ஆன்டெனாவிலிருந்து பிரித்துவிடும். கேட்காத நேரத்தில் அணைத்தே வையுங்கள்.

ரேடியோவுக்கென்று தனியாக எர்த் குழி வெட்டிவிட்டு வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது பலர் செய்யும் தவறு. இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது உங்கள் கேபிள் வழியாகத்தான் ஓடும். கம்பம், கேபிளின் வெளிவலை, வீட்டு எர்த் மூன்றையும் தடித்த செம்புப் பட்டையால் இணையுங்கள்.

இத்தனையும் பக்கத்தில் விழும் இடிக்குத்தான். கம்பத்திலேயே விழுந்தால் எந்தப் பெட்டியும் நிற்காது. மேகம் கூடுவதற்கு முன்பே, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு மாடிப்பக்கமே போகாதீர்கள்.

வாரண்டி அட்டையையும் வாங்குமுன் படியுங்கள். மின்னல் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். கடைக்காரர் வாயால் சொன்ன "கவலையே இல்லை" என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்த பில் உதவும்.